பூட் டிஸ்க் போன பிறகு

கொச்சியில் தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் போகிற பஸ்கள் கடந்து செல்லும் சுள்ளிக்கல்லில், தொண்ணூறுகளின் ஆரம்பம் முதல் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழிலை நடத்தி வருகிறேன். தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் அடுத்தடுத்த தெருக்களில் கேட்கும் வட்டாரம் இது. என்னிடம் வேலைக்கு வருகிறவர்கள் எந்தப் பாஷைக்காரர்களாக இருந்தாலும், யந்திரம் எழுந்திருக்க மறுத்த நாளில் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றாகவே இருக்கிறது: எல்லாம் போய்விட்டது. அநேகமாக எந்தச் சமயத்திலும் எல்லாம் போயிருப்பதில்லை என்பதையும், போனது இன்னது, இருப்பது இன்னது என்று பிரித்தறியும் நிதானமே இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்பதையும் நான் கண்ட சம்பவங்களைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் சிலர் வீட்டின் ஒரு மூலையில் சிறிய சர்வர் வைத்திருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் படங்கள், கல்யாண வீடியோக்கள், வாசல் காமிராவின் பதிவுகள், கடைக் கணக்கு, ஸ்கேன் செய்த பத்திரங்கள் ஆகியவையெல்லாம் இரண்டு அல்லது நான்கு பெரிய ஹார்ட் டிஸ்குகளில் இருக்க, யந்திரத்தை எழுப்பி நடத்துகிற லினக்ஸ் மட்டும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யிலோ, சில வீடுகளில் ஒரு பென்டிரைவிலோ இருக்கிறது. அந்தச் சிறிய டிஸ்கைத்தான் பூட் டிஸ்க் என்கிறோம். எந்த அறைக்கு எந்தச் சாவி, எந்தப் பத்தாயத்தில் எந்த நெல், யாருக்கு எதை எடுத்துக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் தன் மனத்திலேயே வைத்திருக்கும் பெரிய வீட்டுக் காரியஸ்தனைப் போன்றது அது. காரியஸ்தன் கண்மூடினால் நெல் பத்தாயத்திலேயே இருக்கும். அதை எடுத்து அளக்கும் விவரம் தெரிந்தவர் இல்லாமல் வீடு ஸ்தம்பித்து நிற்கும்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் வீட்டுக்குள் சர்வர் என்ற பேச்சே இல்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் ஜூ டவுனிலும் மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய் முதலிய சரக்குகளை வாங்கி விற்ற கடைகளே எனக்கு ஜீவனம் அளித்தன. 1957இல் ஏற்பட்ட மிளகு வர்த்தகச் சங்கம் ஜூ டவுனில் இருந்தது. விலையை வாயால் கூவி நடத்திய அந்த வர்த்தகம் பிற்பாடு கம்ப்யூட்டர் திரைக்கு மாறியது. கடைகளுக்கு முதலில் வந்த யந்திரங்களில் ஹார்ட் டிஸ்க் நாற்பது மெகாபைட் கொள்ளும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் பத்துப் பதினைந்து படங்களிலேயே அது நிறைந்துவிடும். யந்திரத்தை நடத்திய டாஸும் கணக்குப் புரோகிராமும் கணக்கும் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான். ஆகையால் அது எழுந்திருக்கவில்லையென்றால் கடை முழுவதும் நின்றுவிட்டதாக முதலாளி பதறுவார்.

அந்நாளில் என் பையில் எப்போதும் இருந்த கருவி, டாஸ் எழுதிய ஒரு ஃபிளாப்பி. அதைச் செருகி யந்திரத்தை எழுப்பி, பிறகு ஹார்ட் டிஸ்கின் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பேன். பட்டியல் திரையில் வந்துவிட்டால், கணக்கு உயிரோடு இருக்கிறது, எழுப்புகிற பகுதி மட்டுமே கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்கின் முதல் கட்டம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் அளவே உள்ளது. அதில் நானூற்று நாற்பத்தாறு பைட் யந்திரத்தை எழுப்பும் கட்டளைகளுக்கும், அறுபத்து நான்கு பைட் டிஸ்கின் பிரிவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்புக்கும், கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டவை. இத்தனை சிறிய இடம் பழுதானால் முதலாளியின் பல வருஷக் கணக்கும் மறைந்துவிட்டதாகத் தோன்றும். அதைத் திரும்ப எழுதிவிட்டால் ஒரு வரி குறையாமல் எல்லாம் திரும்பி வரும். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் இதுவே: கண்ணுக்குத் தெரியாமற்போனதை இல்லாமற்போனதாக எண்ணலாகாது.

அந்தக் கடைகளில் நஷ்டம் குறைவாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல வருஷங்கள் கணக்குப்பிள்ளைகள் சிட்டையையும் பேரேட்டையும் கையால் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். டிஸ்க் நிஜமாகவே செத்துப்போனாலும், அவர்கள் பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு புது டிஸ்கில் ஆரம்பத்திலிருந்து ஏற்றிவிடுவார்கள்; சிரமம்தான், ஆனால் நஷ்டம் இல்லை. யந்திரத்தின் மேல் நம்பிக்கை வளர வளர பேரேடு மறைந்தது. பேரேடு மறைந்தபோது, யந்திரத்துக்கு வெளியே இருந்த ஞாபகமும் அதோடு சேர்ந்து மறைந்துவிட்டது. பின்னால் நான் கண்ட பெரிய நஷ்டங்கள் யாவும் அந்த மாறுதலுக்குப் பிறகு நேர்ந்தவையே.

2001ஆம் வருஷம் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளில் லினக்ஸையே பயன்படுத்தும் நிலைக்கு வந்தது. இதன் பயனாக, பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸைப் பார்த்து வளர்ந்த பையன்கள், வீட்டில் ஒதுக்கிப் போட்ட பென்டியம் யந்திரத்தைத் துடைத்து எடுத்து, அதில் ஒரு பெரிய டிஸ்கை மாட்டி, குடும்பம் முழுவதும் படங்களைப் போட்டு வைக்கும் சர்வராக ஆக்கத் தொடங்கினார்கள். வீட்டு சர்வர் என்ற வேலை என்னிடம் வந்தது அப்போதுதான். அதே காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் உண்டாக்கிய நாப்பிக்ஸ் என்ற சி.டி. எங்கள் கைக்கு வந்தது. ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே, சி.டி.யிலிருந்து முழு லினக்ஸும் எழும். நோயாளியான டிஸ்கில் ஓர் எழுத்தும் எழுதாமல் அதைத் திறந்து பார்க்க முடிந்தது எங்கள் தொழிலையே மாற்றியது. முன்பெல்லாம் எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று முனைந்த நாங்கள், முதலில் பார்ப்பது, அடுத்துப் பிரதி எடுப்பது, அதற்கப்புறமே பழுது பார்ப்பது என்ற வரிசையை அந்த சி.டி.யால் கைக்கொண்டோம்.

அந்த வரிசை எவ்வளவு அவசியமானது என்பதை விளக்க ஒரு சம்பவம் சொல்லுகிறேன். கல்யாணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோக்காரரின் சர்வரில் பூட் டிஸ்க் பழுதாகி, அவருக்குத் தெரிந்த ஒரு பையன் புது டிஸ்க் மாட்டி லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். பழைய சர்வரில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: தினமும் நடுநிசியில் படங்கள் இருக்கும் டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்குப் பிரதி ஓடும், மூலத்தில் அழித்தவை பிரதியிலும் அழிந்துவிடும். பையன் அந்த ஏற்பாட்டையும் நினைவாகத் திரும்பப் போட்டான். ஆனால் புது டிஸ்கை மாட்டும்போது கேபிள்கள் இடம் மாறியிருந்தபடியால், லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர்களும் மாறிவிட்டன. பழைய பெயரைத் தேடிய சர்வர் அதைக் காணாமல், படங்கள் இருக்க வேண்டிய ஃபோல்டரை வெறுமையாகவே விட்டுவிட்டது. நடுநிசியில் ஓடிய பிரதி, மூலம் காலியாக இருப்பதைப் பார்த்து, பேக்கப் டிஸ்கிலும் எல்லாவற்றையும் விசுவாசமாக அழித்துவிட்டது.

ஸ்டூடியோக்காரர் மறுநாள் காலையில் என்னிடம் வந்தபோது அவருக்குப் பேச்சு எழவில்லை. மூல டிஸ்க் எந்தப் பழுதும் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் அவர் தப்பினார். மாறக்கூடிய பெயருக்குப் பதிலாக, ஒவ்வொரு பிரிவுக்கும் அது உண்டான நேரத்திலேயே சூட்டப்படும் நீண்ட அடையாள எண்ணைக் கொண்டு டிஸ்கை அழைத்தால், கேபிள் எங்கே மாட்டியிருந்தாலும் அது சரியான இடத்தில் வந்து நிற்கும், யூ.யூ.ஐ.டி. என்னும் அந்த முறை பிற்பாடு லினக்ஸில் வழக்கமாகிவிட்டது. ஆயினும் பூட் டிஸ்க் போன எந்த வீட்டுக்குப் போனாலும் பேக்கப் டிஸ்கின் கேபிளை முதலில் கழற்றி வைப்பது அன்று முதல் என் வழக்கம். அவசரத்தில் இருக்கும் யந்திரத்தின் எதிரில் கடைசிப் பிரதியை நிறுத்தி வைப்பது விவேகமாகாது.

இந்த ஊரின் சீதோஷ்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருபக்கம் கடலும் மறுபக்கம் காயலும் இருக்க, நடுவே வாழ்கிற எங்களுக்குக் காற்றிலேயே உப்பு. ஜூன் மாத மழை தொடங்கிவிட்டால் சுவரும் துணியும் காகிதமும் ஈரம் பூத்துவிடுகின்றன. யந்திரத்துக்குள் இருக்கும் செம்பும் வெள்ளீயமும் மட்டும் எப்படித் தப்பும்? துவங்காத சர்வர்களில் ஒரு பங்கு, டிஸ்க் பழுதே இல்லாமல் தொடுமுனைகளில் படிந்த அழுக்கினால் நின்றவை. ராம் சட்டத்தைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் எழுந்துவிடும். சில ஹார்ட் டிஸ்குகளில் அடிப்புறத்துச் சர்க்யூட் போர்டைத் திருகு நீக்கி எடுத்துப் பார்த்தால், உள்ளேயிருந்து படிக்கும் முள்ளோடு சேர்கிற சிறு பொட்டுகள் கறுத்துக் கிடக்கும். அவற்றையும் அதே ரப்பரால் தேய்த்துப் பளபளப்பு வந்த பின் பொருத்த, பேசாதிருந்த டிஸ்க் பேசியதுண்டு. ஆனால் அப்படி எழுந்த டிஸ்கை நம்பி மறுபடி வேலைக்கு விடக்கூடாது. எழுந்த நேரத்திலேயே அதன் பிரதியை எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இங்கே துலாவர்ஷம் என்கிற மழையோடு வரும் இடி மின்னல் வேறு வகைச் சத்துரு. யூ.பி.எஸ். வாங்கிய பலர் எர்த்தைப் பற்றி விசாரிப்பதில்லை. இன்டர்நெட் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும் என்பதை நினைப்பதும் இல்லை.

2011 கடைசியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது, எர்ணாகுளம் பென்டா மேனகாவில் நான் வழக்கமாக வாங்கும் கடைகளிலும் விலை ஏறிவிட்டது. மாற்ற வேண்டிய டிஸ்குகளை மாற்றாமல் ஒத்திப்போட்டவர்கள் பலர். விலை இறங்கிய பிற்பாடு எஸ்.எஸ்.டி. சகாயமாகக் கிடைக்க ஆரம்பித்து, சர்வரை எழுப்புவதற்குச் சிறிய எஸ்.எஸ்.டி., சரக்கு வைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் என்ற இன்றைய ஏற்பாடு பரவியது. வேகம் கூடியது உண்மை. ஆனால் சாவின் சுபாவம் மாறிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் முனகும், டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும், ஒரு ஃபைலைத் திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். காது கூர்மையுள்ளவன் அதை அறிந்து முன்கூட்டியே பிரதி எடுத்துவிடுவான். எஸ்.எஸ்.டி. இரவு வேலை செய்துகொண்டிருந்து, காலையில் மின்சாரம் போய் வந்த பின், அப்படி ஒரு டிஸ்க் இருந்த அடையாளமே இல்லாமல் மறைந்துவிடுகிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கூகிள் நிறுவனத்தார் தங்களுடைய ஏராளமான ஹார்ட் டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றுகூடத் தோன்றியிருக்கவில்லை என்று கண்டார்கள். எச்சரிக்கை வந்தால் மதிக்க வேண்டும். வராததை அபயமாகக் கொள்ளக்கூடாது. இரண்டு எஸ்.எஸ்.டி.களை ஜோடியாகப் போட்டுவிட்டால் கவலையில்லை என்கிற எண்ணத்துக்கும் எல்லை உண்டு. ஹெச்.பி.இ. நிறுவனம் 2019இல் விடுத்த அறிவிப்பின்படி, அவர்கள் விற்ற சில வகை எஸ்.எஸ்.டி.கள் உள்ளிருக்கும் மென்பொருளின் குறையால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். ஒரே நாளில் மாட்டிய ஜோடி என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் நிற்கும். ஜோடி போடுகிறவர்களுக்கு வேறு வேறு காலத்தில் வாங்கியதை, முடிந்தால் வேறு வேறு கம்பெனியினுடையதைப் போடச் சொல்லுவேன்.

இனி ஒரு வீட்டில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லுகிறேன். சுள்ளிக்கல்லுக்குச் சமீபத்தில் வசிக்கும், கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நான்கு ஹார்ட் டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு சர்வர் வைத்திருந்தார். மூன்று தலைமுறைப் படங்களும், மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய தமிழ் நூல்களும், தம் தாயாரும் அத்தைமார்களும் பேசிய பேச்சின் ஒலிப்பதிவுகளும் அதில் இருந்தன. ஒரு மழை இரவில் மின்சாரம் போய் வந்த பிறகு சர்வர் எழவில்லை. "தம்பி, நான் எதையும் தொடவில்லை, சுவிட்சை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்" என்றார். "சார், நீங்கள் செய்திருக்கக்கூடிய காரியங்களில் மிகச் சிறந்தது அதுதான்" என்றேன். மனப்பூர்வமாகவே அப்படிச் சொன்னேன். திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதனால் குற்றுயிராயிருந்த டிஸ்குகளை முழுதும் கொன்றவர்களை நான் அறிவேன்.

கேபிளை மாற்றியும், மின் இணைப்பை மாற்றியும், கடைசியில் வேறு யந்திரத்தில் மாட்டியும் பார்த்து, பூட் டிஸ்கான எஸ்.எஸ்.டி. திரும்ப வராது என்று நிச்சயித்த பின், நான்கு ஹார்ட் டிஸ்குகளின் மேலும் மார்க்கரால் எண் எழுதி, எந்த எண் எந்தக் கேபிளில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொண்டு, நான்கின் கேபிள்களையும் கழற்றிவிட்டேன். புது எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் ஏற்றும்போது பெட்டிக்குள் வேறு எந்த டிஸ்கும் இணைந்திருக்கலாகாது; எதில் ஏற்றுவது என்று யந்திரம் கேட்கும் கேள்விக்குக் களைப்பில் ஒரு வரி தவறிப் பதில் சொன்னால், உயிரோடிருந்ததும் அந்தக் கணத்தில் போய்விடும். லினக்ஸ் ஏறி, எழுந்து நின்ற பிறகே நான்கையும் பழைய இடங்களில் மாட்டினேன்.

ரெய்டு விஷயத்தில் ஜனங்களுக்குத் தெரியாத ஆறுதல் ஒன்று உண்டு. எந்தெந்த டிஸ்க் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதில் அதன் ஸ்தானம் எது, கடைசியாக எந்த எண்ணிக்கை வரையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு, பூட் டிஸ்கில் மட்டும் அல்லாமல் ஒவ்வொரு சரக்கு டிஸ்கின் தலைப்பிலும் எழுதியிருக்கிறது. ஆகவே புது லினக்ஸ் அந்தக் குறிப்புகளைப் படித்துத் தானாகவே கூட்டத்தைச் சேர்க்க வல்லது, டிஸ்குகளைச் சேர்க்கும் இன்னொரு முறையான இசட்.எஃப்.எஸ்.ஸிலும் அப்படியே. பெரியவரின் டிஸ்குகளில் குறிப்புகளைப் படித்தபோது மூன்றில் எண்ணிக்கை ஒன்றாக இருந்தது. நான்காவதில் மிகவும் பின்தங்கியிருந்தது. பல மாதங்களுக்கு முன்பே அந்த டிஸ்க் கூட்டத்தைவிட்டு விலகியிருக்கிறது. அதைச் சொல்லி சர்வர் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் எவரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு டிஸ்கின் இழப்பைத் தாங்கும் ஏற்பாடு ஏற்கெனவே ஒன்றை இழந்து, இன்னொன்று போனால் சர்வநாசம் என்ற நிலையில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான்காவதை உடனே மாற்றிக் கூட்டத்தைப் புதுப்பிக்கத் தோன்றும். புதுப்பிப்பதென்றால் மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை யந்திரம் படித்தாக வேண்டும். வயதான டிஸ்குகளுக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. ஆகையால் கூட்டத்தை எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற நிலையில் திறந்து, வெளி டிஸ்குக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினேன். எதை முதலில் எடுப்பது என்று பெரியவரைக் கேட்டேன். நூல்கள் என்றார். மதுரைத் திட்டம் 1998 முதல் உலகத்துக்கே அந்த நூல்களைக் கொடுத்து வருகிறது, நாளைக்கும் இறக்கிக்கொள்ளலாம்; அத்தையின் குரல் இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்று எடுத்துச் சொன்னதும் அவர் சம்மதித்தார். உலகில் வேறெங்கும் இல்லாதது முதலில், மறுபடி கிடைக்கக்கூடியது கடைசியில் என்பதே மீட்பு வேலையின் வரிசை. டிஸ்க் நலிந்திருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு எளிதில் படிக்கக்கூடிய இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பின்னால் திரும்பி வர வேண்டும். ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தால் மிச்சத்தையும் இழப்போம்.

பிரதி முடிந்து, புது டிஸ்க் சேர்த்துக் கூட்டமும் புதுப்பித்த பிறகு, சிறு இடையூறுகள் வரிசையாக வந்தன. படங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் பெரியவரின் மனைவியால் அவற்றைத் திறக்க முடியவில்லை. லினக்ஸ் ஆட்களைப் பெயரால் அன்றி எண்ணாலேயே அறியும். புது ஏற்பாட்டில் அவருக்கு வேறு எண் விழுந்திருந்தது. பழைய எண்ணைப் பார்த்துக் கொடுத்ததும் அது தீர்ந்தது. மகனின் லாப்டாப், சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று சொல்லி உள்ளே வர மறுத்தது. அதற்கும் வழி சொன்னேன்.

தீராத நஷ்டம் ஒன்று இருந்தது. படங்களை அடுக்கிக் காட்டும் புரோகிராமில், ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த விசேஷம் என்று குடும்பத்தார் பல வருஷங்களாகக் குறிப்பு எழுதி வந்திருந்தார்கள். படங்கள் பெரிய டிஸ்குகளில் இருந்தன. குறிப்புகளோ அந்தப் புரோகிராமின் டேட்டாபேஸில், செத்துப்போன சிறிய எஸ்.எஸ்.டி.யில் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. குறிப்பு எழுதியவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள். பழைய படங்களிலுள்ள சில முகங்கள் யாருடையவை என்று சொல்ல இப்போது அந்த வீட்டில் எவருமில்லை. பூட் டிஸ்கில் முக்கியமானது ஒன்றும் இல்லை, லினக்ஸ்தானே, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கெல்லாம் நான் இந்த வீட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். இப்போது டாக்கர் முதலிய வசதிகள் வந்த பிறகு, பெட்டிபெட்டியாக ஓடும் புரோகிராம்களின் டேட்டாபேஸ், வேறிடம் குறித்துக் கொடுக்காவிட்டால், பூட் டிஸ்கிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. எது எங்கே எழுதுகிறது என்பதை விசாரித்து அறிவது ஒவ்வொரு வீட்டுக்காரரின் கடமை.

இதற்கு நேர்மாறான ஒரு வீடும் உண்டு. ஏற்றுமதிக் கணக்கு வைத்திருந்த ஒரு சேட்டு, திருட்டுக்குப் பயந்து சரக்கு டிஸ்குகளை முழுவதும் பூட்டி எழுதும் முறையில் வைத்திருந்தார். சர்வர் எழும்போது யாரும் பாஸ்வேர்டு அடிக்காமலே திறக்க வேண்டும் என்பதற்காக, சாவியை ஒரு ஃபைலாக பூட் டிஸ்கில் வைத்திருந்தார்கள். பூட் டிஸ்க் போனதும் சாவியும் போயிற்று. அந்தப் பூட்டை உடைக்க உலகத்தில் எந்த நிபுணராலும் ஆகாது. நல்லவேளையாக லினக்ஸின் அந்த முறையில் ஒரே டிஸ்குக்குப் பல சாவிகள் வைக்க இடம் உண்டு. சேட்டின் சம்சாரம், முதல் நாளிலேயே சொல்லப்பட்ட நீண்ட பாஸ்வேர்டை நகைச் சீட்டுகளோடு இரும்புப் பெட்டியில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அதை அடித்ததும் எல்லாம் திறந்தது. அந்த வீட்டைக் காப்பாற்றியது ஒரு துண்டுக் காகிதம்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை என்று எண்ண வேண்டாம். கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி, நடப்பிலிருந்த டேட்டாபேஸ் கைத்தவறால் அழிந்துபோயிற்று. பேக்கப் எடுப்பதற்கென்று அவர்கள் வைத்திருந்த முறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, ஒன்று ஓடவேயில்லை, ஒன்று வெறும் காலி, ஒன்று போடப்படவேயில்லை என்று தெரிந்தது. வேறு வேலைக்காக ஓர் ஊழியர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்ததால் மீண்டார்கள். அதை மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்ட அவர்களுடைய நேர்மையை நான் போற்றுகிறேன். பேக்கப் எடுப்பது பாதி வேலை. அதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்ப்பதே மீதிப் பாதி.

பிரதிகள் மூன்று, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று பீட்டர் கிராக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய விதியைப் பலரும் அறிவார்கள். அதனோடு என் அனுபவத்திலிருந்து ஒன்று சேர்ப்பேன்: காகிதத்தில் ஒரு குறிப்பு. எந்த டிஸ்கில் எது இருக்கிறது, அவற்றின் அடையாள எண்கள், ரெய்டின் வகை, யாருக்கு எந்த எண், எந்தப் புரோகிராம் தன் டேட்டாபேஸை எங்கே வைக்கிறது, பூட்டிய டிஸ்கின் பாஸ்வேர்டு, எச்சரிக்கைக் கடிதம் எந்த முகவரிக்கு வருகிறது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். சர்வரின் அமைப்பு ஃபைல்களும் டேட்டாபேஸின் பிரதியும் தினந்தோறும் பூட் டிஸ்கைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் சர்வர் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. வருகிற ஜூன் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட் டிஸ்கையும் பேக்கப் டிஸ்கையும் சரக்கு டிஸ்குகளையும் நீங்களே கழற்றி வையுங்கள். ஒரு புது டிஸ்கை மாட்டி, உங்கள் நோட்டை மட்டும் துணையாகக் கொண்டு லினக்ஸை ஏற்றுங்கள். சர்வர் எழுந்த பிறகு சரக்கு டிஸ்குகளைச் சேர்த்து, படிக்க மட்டும் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டில் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறீர்களோ, அந்த இடத்தில் விட்டுப்போனதை அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள். டிஸ்க் கடையில் கிடைக்கும். அந்த நோட்டை நீங்கள்தான் எழுத வேண்டும்.